அலைக்கு யார் பொறுப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை, குளிக்கும் இடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சிவப்பு மிதவைகளை உரசுகிற மாதிரி ஒரு மஞ்சள் ஜெட் ஸ்கி பாய்ந்து வந்தது. விசில் தன் விசிலை எடுத்து ஊதினாள். ஊதிய பிறகுதான் ஓட்டுகிற ஆளைப் பார்த்தாள். அக்காவின் கணவர்.

ஏரியில் அவளை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிட்டார்கள். ரோந்து அதிகாரியாக வந்த முதல் வாரமே ஒட்டிக்கொண்ட பெயர். அவள் ஊதினால் மறுகரையில் துணி காயப்போடுகிறவர்கள்கூட ஏதோ தப்பு செய்துவிட்டது போல நிமிர்ந்து பார்ப்பார்கள். ரோந்துப் படகை ஓட்டுகிறவர் அதற்கு நேர்மாறு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர். அவருக்கு மௌனி என்று பெயர் வைத்தவளும் இவள்தான்.

மௌனி படகை மஞ்சள் வண்டியின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். முன்னால் ஏழு வயது மகள், நடுவில் மாமா, பின்னால் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு அக்கா.

"என்னம்மா, நம்மளையே நிறுத்துற?" மாமா சிரித்தார்.

"இன்ஜின ஆஃப் பண்ணுங்க மாமா."

"இதோ, ஒரு ரவுண்டு போயிட்டு..."

"ஆஃப் பண்ணுங்க."

மாமா அணைத்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர் அவர். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று டிப்போவே சொல்லும். போன மாதம்தான் ஏரிக்கான லைசென்ஸ் வாங்கி, கூட வேலை பார்க்கிறவரிடமிருந்து இந்தப் பழைய வண்டியையும் வாங்கியிருந்தார்.

"இது ரெண்டு பேர் வண்டி. மூணு பேர் இருக்கீங்க."

"இவளெல்லாம் ஒரு ஆளா? கோழிக்குஞ்சு மாதிரி இருக்கா."

"ஆள் கணக்குதான் மாமா, எடைக் கணக்கு இல்ல."

"நான் தெனமும் அம்பது சீட்டுல எம்பது பேர ஏத்திட்டுப் போறேன்."

"பஸ் நின்னுபோனா எறங்கி நடக்கலாம். இங்க எங்க எறங்குவாங்க?"

அவள் குனிந்து, குழந்தை போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் பிடித்துத் தூக்கினாள். அது பெரியவர்களுக்கானது. காதைத் தாண்டி மேலே வந்தது; குழந்தை உள்ளே காணாமல் போயிற்று. உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"தண்ணில விழுந்தா ஜாக்கெட் மெதக்கும். புள்ள மெதக்காது," என்றாள் விசில். அப்புறம் வண்டியின் கைப்பிடியைக் காட்டினாள். ஓட்டுகிறவர் மணிக்கட்டில் இருக்க வேண்டிய சிவப்புச் சுருள் கயிறு அங்கே சுற்றிக் கிடந்தது. ஓட்டுகிறவர் விழுந்தால் அந்தக் கயிறு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், இன்ஜின் அதோடு நின்றுவிடும். அதற்காகத்தான் அது இருக்கிறது. "இது ஏன் இங்க தொங்குது?"

"கை அரிக்குது."

சுற்றிலும் மிதி படகுகள் நின்றுவிட்டன. வாடகை ஜெட் ஸ்கிக்காரர்கள் இரண்டு பேர் மார்பில் கை கட்டி வேடிக்கை பார்த்தார்கள். போன வாரம் அவர்களில் ஒருவருக்கு இதே குற்றத்துக்கு அவள் அபராதம் போட்டிருந்தாள். அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது தண்ணீரில் தெளிவாகக் கேட்டது. "பாப்போம். மாமியார் ஒடச்சா மண்கொடம், மருமக ஒடச்சா பொன்கொடமான்னு."

விசில் காதில் வாங்காதவள் போல ரசீதுப் புத்தகத்தை எடுத்தாள். அதிகப்படி ஆள், குளிக்கிற எல்லைக்குப் பக்கத்தில் வேகம், குழந்தைக்குப் பொருந்தாத ஜாக்கெட், கயிறு மாட்டாதது. நான்கும் சேர்ந்தால் லைசென்ஸ் தானாகவே நிற்கும். பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து, மறுபடி ஓட்டிக் காட்டித் தேறினால்தான் திரும்பக் கிடைக்கும். அவள் அதைச் சொன்னபோது மாமாவின் சிரிப்பு இறங்கியது.

"அக்கா, பாப்பாவ கூட்டிட்டு இந்தப் படகுல ஏறு."

"நான் ஏறல."

"ஏறுக்கா."

அக்கா ஏறினாள். கரை வரைக்கும் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

விசில் குடியிருந்தது அக்கா வீட்டு மாடியில். அன்று மாலை அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா படியேறி வந்துவிட்டாள்.

"அத்தன பேர் முன்னாடி என்னப் புடிச்சு உன் படகுல ஏத்துற, திருட்டுச் சாமான ஏத்துற மாதிரி. காதோட சொல்லியிருக்கக் கூடாதா?"

"காதோட சொல்லணும்னா அவர் மெதுவா வந்திருக்கணும்."

"பேசு. நல்லா பேசு. அவரு உனக்கு யாரு? உனக்கு சைக்கிள் கத்துக் குடுத்தவரு. பரீட்சைக்கு உன்ன பஸ்ல முன்சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனவரு."

"அதனாலதான்க்கா. அந்த மிதவைக்கு அந்தப் பக்கம் பதினஞ்சு பேர் நீந்திட்டிருந்தாங்க. யாராவது ஒருத்தர் தலைய வெளிய நீட்டியிருந்தா, இன்னிக்கு மாமா எங்க இருந்திருப்பாரு? சாப்பாட்டு மேசையிலயா?"

அக்கா சட்டென்று திரும்பினாள். கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கோபம் வந்தாலும் சோறு நிற்கவில்லை. எட்டு மணிக்கு மகள் கையில் தூக்குப் பாத்திரம் மேலே வந்தது. "அம்மா உன்கிட்ட பேச வேணாம்னு சொன்னாங்க சித்தி. பாத்திரத்த கழுவி வெக்கச் சொன்னாங்க."

வகுப்பு, படகுத்துறைக்கு மேலிருந்த அறையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசையில் ஓட்டை விழுந்த நீல விரிப்பு, அதன் மேல் பொம்மைப் படகுகள். பாடம் நடத்துவது விசில்தான். வேறு ஆள் கிடையாது. மாமா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் ஜிம்காரர். கடைத்தெருவில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருப்பவர். கையைத் தூக்கினால் சட்டைத் தையல் முனகும். சின்ன மோட்டார் படகு வாங்கியிருந்தார், லைசென்சுக்கு வந்திருந்தார். இரண்டு பேரும் முதல் நாளே சிநேகிதமாகிவிட்டார்கள். கடைசி பெஞ்சுக்கென்று ஒரு தனி சொந்தபந்தம் உண்டு.

மாமா மடக்கப் பார்த்தார். "நேருக்கு நேர் வந்தா ரெண்டு பேரும் வலப்பக்கம் ஒதுங்கணும்னு சொல்றீங்க, மேடம்." மேடம் என்பதை அழுத்திச் சொன்னார். "எதிர்ல வர்றவனுக்கு இது தெரியலன்னா?"

"முன்கூட்டியே நல்லா ஒதுங்குங்க. நீங்க எங்க போறீங்கன்னு அவனுக்குத் தெரியற அளவுக்கு. கடைசி நிமிஷத்துல லேசா ஒடிச்சா அவன் கொழம்புவான்."

"குறுக்க வந்தா?"

"உங்க வலப்பக்கம் ஒரு படகு தெரிஞ்சா அதுக்கு நீங்க வழி விடணும்."

"பாய்மரப் படகு? துடுப்புப் படகு? அதுங்க ஆமை மாதிரி போகும். எதுக்கு அதுங்களுக்கு வழி?"

"ஆமைங்கிறதாலதான். அதால சட்டுனு திரும்ப முடியாது, உங்களால முடியும். முடிஞ்சவங்கதான் விலகணும்."

ஜிம்காரர் தலையாட்டினார். "நியாயம்தான் அண்ணே."

அப்புறம் அவள் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக மேலும் கீழும் அசைத்துக் காட்டினாள். உதவி வேண்டும் என்பதற்கான சைகை. எல்லோரும் எழுந்து நின்று செய்தார்கள். அறை, பறக்கத் தெரியாத கொக்குக் கூட்டம் போல ஆயிற்று. கடைசியாக அலையைப் பற்றிச் சொன்னாள். படகு போன பிறகும் அதன் அலை போய்க்கொண்டிருக்கும். அது யாரையாவது கவிழ்த்தால், கவிழ்த்தது அந்தப் படகோட்டிதான். அதனால் இன்னொரு படகின் பக்கம் போகும்போது நடக்கிற வேகம்தான். தெரிந்தவராக இருந்தாலும்.

ஓட்டிக் காட்டும் நாளில் மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். விசில் தண்ணீரில் ஓர் ஆரஞ்சு மிதவையைப் போட்டாள். "வேகமா அத நோக்கி வாங்க. நான் கொடி காட்டினதும் விலகுங்க."

மாமா வந்தார். கொடி இறங்கியது. அவர் பஸ்ஸில் இத்தனை வருஷம் செய்ததையே செய்தார். விசையை விட்டுவிட்டு, கைப்பிடியை ஒடித்தார். வண்டி ஒடிந்த பக்கம் போகவில்லை. வந்த வழியே நேராக வழுக்கி, மிதவை மேல் ஏறி, அதை அடியில் அமுக்கிக்கொண்டு போயிற்று. மிதவை பின்னால் குபுக்கென்று வெளியே வந்தது.

மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"திருப்பினேனே. திரும்பலியே."

"இதுக்கு பிரேக் இல்ல, சக்கரமும் இல்ல மாமா. பின்னாடி பீச்சி அடிக்கிற தண்ணிதான் வண்டியத் திருப்புது. விசைய விட்டா அது நின்னுடும். கைப்பிடி சும்மா ஆடும். விலகணும்னா கொஞ்சம் விசை குடுத்துட்டே திரும்பணும்."

"பயந்தா விசைய விடத்தானே தோணும்."

"ஆமா. அதுக்குத்தான் பழகணும்."

மாமா மிதவையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "இன்னொரு தடவ போறேன்," என்றார். அன்று முழுக்கப் போனார். மறுநாள் வேலை முடிந்து சீருடையோடு வந்து, அதை மாற்றிக்கொண்டு, மறுபடி போனார். கண்ணை மூடினாலும் விரல் விசையை விடாது என்கிற வரைக்கும் ஓட்டிப் பழகினார். அடுத்த வாரம் தேறினார். ஜிம்காரரும் தேறினார். இரண்டு பேரும் படகுத்துறைக் கடையில் டீ குடித்துக் கொண்டாடினார்கள். அக்கா மட்டும் தங்கையிடம் இன்னும் மகள் மூலமாகவே பேசிக்கொண்டிருந்தாள்.

பள்ளி விடுமுறை முடிகிற வாரம், ஒரு பிற்பகல். ரோந்துப் படகு ஏரியின் மதகுப் பக்கம் இருந்தது. மௌனி திடீரென்று கையை நீட்டினார். தூரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. அதன் மேல் நின்றுகொண்டு ஓர் ஆள் இரண்டு கைகளையும் மெதுவாக மேலும் கீழும் அசைத்தார்.

"மாமா," என்றாள் விசில். மௌனி ஏற்கெனவே வேகத்தைக் கூட்டியிருந்தார்.

கிட்டே போனதும் நிலவரம் தெரிந்தது. ஜிம்காரரின் வெள்ளைப் படகு ஆளில்லாமல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. இன்ஜின் முழு வேகத்தில் கத்தியது. வட்டத்தின் உள்ளே, லைஃப் ஜாக்கெட் போட்ட ஒரு தலை. படகு ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் நகர்ந்தது. அதனால் அந்தத் தலைக்கு எந்தப் பக்கம் போனால் தப்பிக்கலாம் என்று புரியவில்லை. ஓட்டுகிறவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்த வேண்டிய கயிறு படகுக்குள் எங்கோ பத்திரமாக இருந்திருக்கும்.

மாமா வண்டியை அந்தப் பக்கம் திருப்பினார். "நான் போய்த் தூக்கிட்டு வந்துடுறேன். ஒரே நிமிஷம்."

"போகாதீங்க."

"அவன் கை ஓஞ்சுடுச்சு, பாரு."

"போனா ரெண்டு பேர எடுக்கணும். படகோட விசிறில சிக்க நான் கயிறு போடப் போறேன், உங்க வண்டி அத உறிஞ்சிடும். அந்தப் பக்கம் பாருங்க." இந்தப் பக்கமாக ஒரு சுற்றுலாப் படகு வந்துகொண்டிருந்தது, அதன் பின்னால் வேடிக்கை பார்க்க வாடகை வண்டிகள் நான்கைந்து. "ஒருத்தர உள்ள விடாதீங்க. அது உங்க வேல."

மாமா தயங்கினார். நண்பன் ஒரு கூப்பிடு தூரத்தில் தத்தளிக்கிறான். அவருக்குக் கிடைத்ததோ போக்குவரத்து வேலை. ஒரு கணம்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். சுற்றுலாப் படகுக்கு முன்னால் குறுக்கே நிறுத்தி, எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்தார். நெரிசல் நேரத்தில் நாற்சந்தியை அடக்குகிற குரல் அவருக்கு. "பின்னாடி! எல்லாம் பின்னாடி போங்க!" சுற்றுலாப் படகு நின்றது. நழுவப் பார்த்த ஒரு வாடகை வண்டியை அவர் ஒரு பார்வையால் திருப்பி அனுப்பினார்.

விசில் ஜிம்காரரைப் பார்த்துக் கத்தினாள். "படகப் பாக்காதீங்க. என் விசில் சத்தத்த நோக்கி நீந்துங்க. நான் ஊதும்போது மட்டும். நிறுத்தினா நீங்களும் நில்லுங்க."

அவள் ஊதினாள், நிறுத்தினாள், ஊதினாள். அவள் கைகள் அதற்குள், மிதக்கும் நீண்ட கயிற்றின் நுனியில் ஒரு மிதவையைக் கட்டிக்கொண்டிருந்தன. மௌனி வட்டத்துக்கு வெளியிலேயே படகை ஓட்டி, வெள்ளைப் படகு வரப்போகும் பாதையில் கயிற்றைக் குறுக்கே விட்டார். வெள்ளைப் படகு வந்தது. கயிற்றைத் தாண்டிக் குதித்துப் போயிற்று. ஜிம்காரருக்கு மிக அருகில் அதன் விளிம்பு கடந்தது. சுற்றுலாப் படகிலிருந்து யாரோ வீறிட்டார்கள்.

"இன்னும் தளர்வா," என்றார் மௌனி. அந்த வாரத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

விசில் கயிற்றைத் தொய்வாக, பாம்பு போல நெளிய விட்டாள். அடுத்த சுற்றில் கயிறு விசிறியில் சிக்க, வெள்ளைப் படகின் பின்பக்கம் ஒரு வெட்டு வெட்டியது. இன்ஜின் சத்தம் இருமலாக மாறியது. அப்புறம் அதுவும் நின்றது. ஏரி அவ்வளவு அமைதியானது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

ஜிம்காரரை மேலே இழுத்துப் போட்டபோது, அத்தனை பெரிய உடம்பு ஈரத் துணி மாதிரி கிடந்தது. விழும்போது தோள் படகில் இடித்ததில் எலும்பில் விரிசல் விழுந்திருந்தது. மற்றபடி முழுசாக இருந்தார். படகுத்துறைப் பெஞ்சில் போர்வை சுற்றி உட்கார வைத்தார்கள். மருத்துவ வண்டி வருகிற நேரத்தில் விசில் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்ன நடந்துச்சு?"

"எந்திரிச்சு நின்னேன். ஒரு அலை வந்து தூக்குச்சு. விழுந்துட்டேன்."

"கயிறு?"

அவர் தலையைக் குனிந்தார். "மாட்டல. என்னை எது தூக்கி எறியும்னு ஒரு நெனப்பு."

"அலை எங்கேருந்து வந்துச்சு?"

"ஏரின்னா அலை வரும். யாருக்குத் தெரியும்."

"என்னோட அலை," என்றார் மாமா.

அவர் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ஜிம்காரர் நிமிர்ந்து, "அண்ணே, நீங்க சும்மா இருங்க," என்றார்.

"எதுக்கு சும்மா இருக்கணும்? தூரத்துல உன்னப் பாத்தேன். சிநேகிதன்னு சந்தோஷம். வேகமா கிட்ட வந்து ஒரு வளைவு வளைச்சேன். நீ கைய ஆட்ட எந்திரிச்ச. என் அலை வந்து அடிச்சுது." அவர் விசிலைப் பார்த்தார். "எழுதிக்கோம்மா. எவ்வளவு கிட்டன்னு கேட்டா, அவன் பல்லு தெரியற அளவுக்குக் கிட்ட."

விசில் பேனாவை எடுத்தாள். அங்கே பார்த்தவர் வேறு யாரும் இல்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அலை ஏரியுடையதாகவே இருந்திருக்கும்.

"ரெண்டாவது தடவ மாமா. ஆறு மாசம் லைசென்ஸ் போயிடும்."

"தெரியும். க்ளாஸ்ல சொன்னியே."

"அந்தக் கூட்டத்த நிறுத்தினீங்களே, அதையும் எழுதுவேன்."

"அது எழுதணும்னு இல்ல. அது என் வேல."

மருத்துவ வண்டியில் ஏறும்போது ஜிம்காரர், "அண்ணே, தோள் சரியானதும் டீ உங்க செலவு," என்றார். மாமா அவர் கையைப் பிடித்தபடியே வண்டிக்கதவு வரை போனார்.

அன்று இரவு தூக்குப் பாத்திரத்தை அக்காவே கொண்டு வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அவரு எல்லாம் சொன்னாரு. தானே போய் ஒத்துக்கிட்டாராமே."

"ஆமா."

"வீட்டுல ஒரு கண்ணாடி டம்ளர ஒடச்சாக்கூடப் பூனை மேல பழி போடுவாரு. நம்ம வீட்டுல பூனையே கிடையாது." அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பாழாப்போன கயிறு அவரு கையில இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா. கழட்டவே இல்ல."

அக்கா தூக்குப் பாத்திரத்தைத் திறந்து வைத்தாள். அப்புறம், "சரி, அந்த வண்டி ஆறு மாசம் கொட்டாயில நின்னு துருப்புடிக்கணுமா?" என்றாள்.

"விக்கச் சொல்றியா?"

"யாரு விக்கச் சொன்னா? அடுத்த க்ளாஸ் என்னிக்கு?"

விசில் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா விளையாடவில்லை.

அடுத்த வகுப்பில் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்தாள். தங்கை தப்பாகச் சொன்னால் பிடித்துவிட வேண்டும் என்கிற முகத்தோடு கேட்டாள். கேள்விகள் மாமாவுடையதைவிடக் கூர்மையாக இருந்தன. "ராத்திரி ஜெட் ஸ்கி ஓட்டக் கூடாதுன்னா, இருட்டுறதுக்குள்ள கரை சேர முடியலன்னா என்ன பண்றது?" "குடிச்சிட்டு ஓட்டுறவன் பக்கத்துல உக்காந்திருக்கிறவ மேலயும் கேஸ் வருமா?" மிதவைப் பரீட்சையில் கொடி இறங்கியதும், விசையை ஒரு சொட்டு விடாமல், வண்டியைச் சாய்த்து விலகினாள். பஸ் ஓட்டிப் பழகாதது அவளுக்கு வசதியாகப் போயிற்று. முதல் தடவையிலேயே தேறினாள்.

குளிர் விட்டு, தண்ணீர் தெளிந்த ஒரு காலையில் மஞ்சள் வண்டி ஏரியில் இறங்கியது. முன்னால் அக்கா, சிவப்புக் கயிறு மணிக்கட்டில். பின்னால் மாமா, ஜாக்கெட் வார்களை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டு. மகள் கரையில் நின்று, அடுத்த முறை தன் முறை என்று சத்தம் போட்டாள்; அவள் அளவுக்கு வாங்கிய புது ஜாக்கெட்டை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

எதிரே ஒரு பாய்மரப் படகு காற்றுக்குத் தவமிருந்தது.

"மெதுவா, மெதுவா," மாமா பின்னாலிருந்து ஆரம்பித்தார். "வலப்பக்கம் ஒடி. இன்னும் கொஞ்சம். அந்தத் துடுப்புப் படகப் பாத்தியா? நான் சொல்றத..."

"உங்க பஸ்ல என்னமோ எழுதி வெச்சிருப்பாங்களே," என்றாள் அக்கா, திரும்பாமல்.

"என்ன?"

"ஓட்டுநருடன் பேசாதீர்."

மாமா வாயை மூடிக்கொண்டார். அக்கா நல்ல தூரம் விட்டு, நடக்கிற வேகத்தில் பாய்மரத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். ஏரியின் நடுவில் திறந்த வெளி வந்ததும் முன்னும் பின்னும் ஒரு தடவை பார்த்தாள். யாரும் இல்லை. "இறுக்கிப் புடிச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு, விசையை முழுதாக அழுத்தினாள்.